தட்டில் என்ன மிச்சம்

ஜூன் 5, வியாழன்

இன்று சாம்பார் அடிப்பிடிக்கவில்லை. இந்த அதிசயத்தைத் தேதி போட்டு எழுதிவைக்கத்தான் டைரியைத் தேடி எடுத்தேன். கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் புத்தகங்களுக்கு எண் ஒட்டியவன் நான். பருப்பு வேக எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை இந்தக் கோடையில்தான் கற்றுக்கொண்டேன்.

அரசிக்கு ஏப்ரலில் மார்பில் அறுவை சிகிச்சை. போன மாதம் முதலாவது கீமோ ஊசி போட்டார்கள். அடுத்தது திங்கட்கிழமை. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் அவள் பெயருக்கேற்ற ஆட்சிதான், இந்த நோய் வரும்வரை. இப்போது அடுப்படி என் கையில். மகள் நங்கை புனேயில் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், அவளால் வர முடியாது.

சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எதுக்கு போலீஸ்காரர் மாதிரி நிக்கிறீங்க? போய் நீங்க சாப்பிடுங்க."

"நீ சாப்பிடறத பாத்துட்டுப் போறேன்."

"நீங்க தட்டையே பாத்துக்கிட்டு நின்னா எனக்கு எறங்க மாட்டேங்குது."

ஆனாலும் நின்றேன். பாதி சாப்பிட்டாள்.

ஜூன் 7, சனி

'கரைவழி' பத்திரிகையில் மாதாமாதம் 'வெளியூர்ச் சொல்' என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். ஒரு ஆங்கிலச் சொல், அதன் பொருள், பிறந்த ஊர், இப்போது எங்கே புழங்குகிறது, கடைசியில் தமிழில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். அவ்வளவுதான். படிப்பவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். ஆனாலும் ஆசிரியர் சேந்தன், ஒரு நாள் தாமதமானால் ஊரே தூங்காமல் காத்திருப்பது போலப் போன் செய்வார்.

இந்த மாதச் சொல்லை அரசி கொடுத்தாள். தலையணையில் சாய்ந்தபடி ஆங்கிலப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், "மூணு எழுத்து. சாப்பாட்டு மிச்சம். ஓ, ஆர், டி. ஓர்ட்," என்றாள்.

"அப்படி ஒரு சொல்லே கிடையாது."

"இத்தனை வருஷம் லைப்ரரியில என்னதான் செஞ்சீங்க? மாசம் ரெண்டு தடவ குறுக்கெழுத்துல வரும். வேற எங்கயும் வராது. கட்டத்த ரொப்புறதுக்குன்னே உசுர வச்சிக்கிட்டிருக்கிற சொல்லு. பாவமா இல்ல? இந்த மாசம் அத எழுதுங்க."

அகராதியைப் பார்த்தேன். இருக்கிறது. பெரும்பாலும் பன்மையில் வருமாம், ஓர்ட்ஸ் என்று. நான் தோற்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்துக்காக இன்னும் பத்துச் சொல்லில் தோற்கலாம்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது ஊசி. திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுத ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் பிடிக்கவில்லை அவளுக்கு. தண்ணீர்கூட ஆணி ஊறவைத்தது போல இருக்கிறதாம். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

எனக்கு எச்சில் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. எனக்கென்று தனி டம்ளர். யார் வீட்டிலும் அண்ணாந்துதான் குடிப்பேன். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுக்கும்போது அவள் குடித்த மீதியை நான் குடிக்கிறாற்போல் உதட்டருகே கொண்டுபோய்விட்டு அப்படியே சித்தி கையில் கொடுத்ததை அரசி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நங்கை குழந்தையாக இருந்தபோது அவள் வைத்த மிச்சத்தையெல்லாம் அரசிதான் தின்றாள். நான் வைத்ததையும் அவள்தான். 'வீணாப் போவுதே' என்பாள். நான் தடுத்ததில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இன்று அந்தத் தட்டை இரண்டு விரலால் பிடித்து, சட்டையில் படாமல் எட்டத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் கொட்டினேன். திரும்பிப் பார்த்தால் கட்டிலிலிருந்து அரசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, சனி

நல்ல நாள். அரசி ஒரு ஏற்பாடு சொன்னாள். ஸ்பூன் கொடுத்துவிட வேண்டும், கதவைச் சாத்திவிட்டு நான் கூடத்தில் போய் உட்கார வேண்டும், அவள் தன் போக்கில் மெதுவாகச் சாப்பிடுவாள். ஒப்புக்கொண்டேன். தயிர்சாதத்தைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்து, மேலே மாதுளை முத்து தூவிக் கொடுத்தேன். ஓட்டல்காரன் தோற்றான்.

சற்று நேரம் கழித்துப் போனால் தட்டு காலி. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. உங்களுக்குக் கைமணம் வந்திருச்சு."

சாயங்காலம் நங்கைக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். இன்னொரு தடவையும் செய்து சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்று வேளையும் தட்டு காலி. இனி என் வேலையைப் பார்க்கலாம்.

ஓர்ட் ஐநூறு, அறுநூறு ஆண்டு பழைய சொல். டச்சுக்காரர்கள் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே இதற்கு உறவான ஒரு சொல் உண்டு, 'தின்னாமல் விட்டது' என்கிற மாதிரி பொருள். இங்கிலாந்தின் கிராமங்களில் மாடு தின்று கழித்துப் போட்ட வைக்கோலுக்கும் இதுதான் பெயர். ஸ்காட்லாந்தில் இதுவே வினையாகவும் ஆகி, நல்லதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்குவதைக் குறித்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் மறந்து, குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

அரசியிடம் படித்துக் காட்டினேன். "மாடு கழிச்ச வைக்கோலா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஜூன் 17, செவ்வாய்

கீழ்வீட்டு ஜமீலா டீச்சர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சன்னல் சன்ஷேடுல ஒரே காக்கா. கொடியில காயப்போட்ட துணியெல்லாம் நாசம். உங்க வீட்டுலேருந்து சோறு வைக்கிறீங்களா?"

"நாங்க அமாவாசைக்கு மட்டும்தாங்க வைப்போம். அதுவும் முன்பக்க பால்கனியில."

"அப்ப மூணாவது மாடிக்காரங்களா இருக்கும்," என்றார். அப்படித்தான் இருக்கும். நாகரிகம் தெரியாத ஜனங்கள்.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி. எடை குறைந்திருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல. தராசு சரியில்லை என்று நர்சிடம் சண்டை போட்டேன். அவள் பொறுமையாகத் தானே ஏறி நின்று காட்டினாள். பிறகு என்னையும் ஏற்றினாள். எனக்குக் கூடியிருந்தது.

டயட்டீஷியன் ஜெசிந்தா சின்னப் பெண், ஆனால் கறார்.

"என்ன சாப்பிடுறாங்க சார்?"

"எல்லாம் சாப்பிடுறாங்கம்மா. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல."

ஜெசிந்தா அரசியைப் பார்த்தாள். அரசி சுவரிலிருந்த பழப் படத்தைப் பார்த்தாள்.

"கீமோவுல இருக்குறவங்க தட்டுல ஒண்ணுமே மிச்சம் வைக்கிறதில்லன்னு நான் இப்பதான் கேள்விப்படுறேன் சார்," என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த ஊசி முப்பதாம் தேதி. அதற்குள் இன்னும் குறைந்தால் டாக்டர் ஊசியைத் தள்ளிப்போடுவாராம். தள்ளிப்போடுவது நல்லதல்ல. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பது பற்றியும் பேச வேண்டிவருமாம்.

குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் அரசி என் கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

பாதாம் அரைத்துப் பாலில் போட்டேன். பருப்புப் பொங்கலில் நெய். சோற்றைக் கூட்டினேன். எல்லாத் தட்டும் காலியாகத்தான் வருகிறது. தின்பதெல்லாம் எங்கே போகிறது?

ஜூன் 23, திங்கள்

சேந்தன் போன். "சார், எப்ப வரும்?" தமிழில் நேர்ச்சொல் அகப்படாமல் நிற்கிறது என்றேன்.

'மிச்சம்' என்று போடலாம். ஆனால் மிச்சம் பானையில் இருப்பது. யார் வாயும் படாதது. நாளைக்குச் சுடவைத்துத் தின்னலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், காக்கைக்கு வைக்கலாம். ஓர்ட் அதுவல்ல. ஓர்ட் ஆவதற்கு யாராவது அதைத் தின்னத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தியிருக்க வேண்டும். அப்படியானால் 'எச்சில்'. எஞ்சியது, எச்சம், எச்சில் எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் 'எச்சில்' என்று எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்களே. எழுதும்போது எனக்கே சுளிக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுளிப்பு இல்லை.

எடுத்துக்காட்டு வாக்கியமும் அகப்படவில்லை. மேசையை மூடிவிட்டுப் புளி கரைக்கப் போனேன்.

ஜூன் 25, புதன். அமாவாசை

இன்று நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

அரசிக்கு மாத்திரை இருப்பதால் அவளுக்கு முதலில் தட்டைக் கொடுத்துவிட்டேன். பிறகு அப்பா அம்மாவுக்குப் படைத்து, இலைத் துண்டில் சோறும் பருப்பும் எடுத்துப் பால்கனிச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த வருடம், இந்த நிலைமையில், ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் விட்டுவிட்டு உள்ளே போக மனம் வரவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டேன்.

காக்கைச் சத்தம் பின்பக்கமிருந்து கேட்டது. சத்தம் வந்த திசையில் போனேன். எங்கள் படுக்கையறை.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிப் பார்த்தேன். அரசி சன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னொரு கையில் ஸ்பூன். தட்டு சன்னல் கட்டையில். கம்பி வழியாக ஸ்பூன் ஸ்பூனாகச் சோற்றைக் கீழ்வீட்டுச் சன்ஷேடில் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கைகள் வரிசையில் நின்று தின்றன. கூப்பிடாமலே, பழகிய வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி.

தட்டில் இன்னும் பாதி இருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்த வடிவம் ஒரு பக்கம் அப்படியே நின்றது. மாதுளை முத்துக்கள் நான் வைத்த இடத்தில் இருந்தன. விரல் படவில்லை. வாய் படவில்லை. மூன்று வாரமாக இந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிற எனக்கு அதைப் பார்த்ததும் புரிந்தது. அது எச்சில் இல்லை. அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எனக்கு வந்தது முதலில் கோபம்தான். அப்புறம்தான் பயம். பயம் வந்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"எத்தனை நாளா அரசி?"

திடுக்கிடக்கூட இல்லை. மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நீங்க ஸ்பூன் குடுத்த நாள்லேருந்து."

"சோறு ஒரு வாய் கூடவா எறங்கல?"

"கஞ்சி குடிக்கிறேன், மோர் குடிக்கிறேன். சோறு ரெண்டு வாய் எறங்கும். மூணாவது வாய்க்குக் குமட்டும்."

"அந்த ரெண்டு வாயையாவது தின்னுட்டு மீதிய வச்சிருக்கலாம்ல?"

"வாய் வச்சா அப்புறம் அத்தனையும் எச்சில்ங்க. எச்சில காக்காவுக்கு வைக்க முடியுமா? மாமாவும் அத்தையும் வர்ற காக்கா." சற்று மூச்சு வாங்கினாள். "நீங்க ரெண்டு வெரல்ல தூக்கிட்டுப் போயி குப்பையில கொட்டுவீங்க. காலையிலேருந்து வேர்த்து ஊத்தி நின்னு செய்யிறீங்க. அத நீங்களே கொட்டுறத ஒரு நாள் பாத்துட்டேன். இன்னொரு தடவ பாக்க முடியாதுன்னு தோணிச்சு. தொடாம இருந்தா ஒரு உசுராவது திங்கட்டும்னு..."

முடிக்கவில்லை. என் இரண்டு விரல் பார்த்துப் பயந்து, இறங்கக்கூடிய இரண்டு வாயையும் விட்டிருக்கிறாள். அவளைப் பட்டினி போட்டது கீமோ மட்டுமில்லை.

"இனிமே நீ தின்னுட்டு மிச்சம் வை. அத நான் சாப்பிடுறேன்."

அரசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?"

"ஆமா."

"பாலும் பழமும் குடுத்தப்ப உதட்டுல ஒட்டாம திருப்பிக் குடுத்த மனுஷனா?"

சிரிக்க ஆரம்பித்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஜூன் 26, வியாழன்

காலையில் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நானே இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும் சார்," என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னாள். எவர்சில்வருக்குப் பதில் கண்ணாடி டம்ளர், எலுமிச்சை, மாங்காய் வற்றல், ஆறின சோறு என்று வழி சொன்னாள். பிறகு என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"உங்க எச்சில் அவங்களுக்குப் போகவே கூடாது சார், தொத்து வந்துரும். அவங்க மிச்சம் வச்சத நீங்க சாப்பிடலாம். ஊசி போட்டு ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் வேண்டாம்."

இத்தனை காலம் நடந்த முறை இனி தலைகீழ். டாக்டர் உத்தரவு.

மத்தியானம் ஒரே தட்டு. கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தட்டைப் பார்க்கவில்லை, பேப்பரைப் பார்த்தேன். அரசி கையாலேயே பிசைந்து இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதும் தின்றாள். தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

பொய் எழுதுவானேன். முதல் கவளம் தொண்டையில் நின்றது. அவள் விரல் பதிந்த சோறு. கண்ணை மூடி விழுங்கினேன். திறந்தால் அரசி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு போலீஸ்காரர் மாதிரி பாக்குற?"

"உப்பு கம்மியா இருக்கு. ரெண்டு வாரமா கம்மியாத்தான் இருந்திருக்கும், காக்காங்க சொல்லாம தின்னிருக்கு."

எனக்குக் கைமணம் வந்துவிட்டதாக ஜூன் 14 அன்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 28, சனி

ஒரு சிக்கல். நான் பசியோடு காத்திருக்கிறேன் என்று அவள் சீக்கிரம் 'போதும்' என்கிறாள். அவள் முடித்த பிறகுதான் நான் தொடலாம் என்பதால் இந்தக் கரிசனம். ஆகவே அடுப்படியில் ஒளிந்து நின்று ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போய், "எனக்குப் பசியே இல்ல, நீ மெதுவா சாப்பிடு," என்றேன். நாலைந்து வாய் தின்றாள். திருட்டுத்தனம் இப்போது என் பக்கம்.

காக்கைகள் சன்னலில் வந்து கரைந்து தீர்க்கின்றன. "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, போங்க. அவரே தின்னுட்டாரு," என்கிறாள் அரசி. ஜமீலா டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்க வச்சிக்கிட்டே இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே சார்," என்று சொல்லி, அரசிக்கு நோன்புக் கஞ்சி மாதிரி மெல்லிசாக ஒரு கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினார். அதில் பாதிக் கிண்ணம் இறங்கியது.

ஜூன் 30, திங்கள்

தராசில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முள் நிற்கும்வரை நான் சுவரிலிருந்த பழப் படத்தைப் பார்த்தேன்.

குறையவில்லை. கூடவும் இல்லை, ஆனால் குறையவில்லை. டாக்டர் தலையாட்டினார். ஊசி போடுகிறார்கள். குழாய் பேச்சு எழவில்லை.

ஜெசிந்தா கேட்டாள், "இன்னைக்குக் காலையில தட்டுல மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நிறைய."

"அதான் எனக்கு வேணும்," என்றாள்.

ஜூலை 2, புதன்

பத்தி எழுதி அனுப்பிவிட்டேன். 'எச்சில்' என்றே போட்டேன். சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் பாக்கி.

ஜூலை 4, வெள்ளி

வாந்தி. நாள் முழுவதும்.

ஜூலை 8, செவ்வாய்

அரசி இன்று எழுந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தலையில் முடி இல்லை, என் பழைய துண்டைக் கட்டியிருந்தாள். இட்லி, எலுமிச்சை ஊறுகாய். பிட்டுத் தின்னச் சோம்பல்பட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முழு இட்லியைக் கையில் எடுத்துக் கடித்தாள். ஒன்றரை இட்லி. ஊசி தொடங்கிய பிறகு இவ்வளவு தின்றதில்லை. போதும் என்று தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, குறுக்கெழுத்தை விரித்துக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்துச் சேந்தன் போன்.

"சார், எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாம பக்கத்த மூட முடியாது. அச்சுக்குப் போகணும்."

"எழுதிக்க. 'இன்று காலை என் மனைவி வைத்த ஓர்ட், பல் பதிந்த அரை இட்லி.'"

"இதுல என்ன சார் இருக்கு? ரொம்பச் சாதாரணமா இருக்கே."

"அப்படியே போடு," என்றேன்.

இட்லி ஆறிப்போயிருந்தது. கடித்த பக்கத்திலிருந்தே தின்றேன். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.